வெள்ளை பர்கண்டியும் அதற்கேற்ற தட்டும்

பிரான்சின் பர்கண்டி பகுதியில் செய்யப்படும் வெள்ளை ஒயினில் மிகப் பெரும்பங்கு ஷார்டொனே என்ற ஒரே திராட்சையிலிருந்து வருகிறது. ஆனாலும் ஷாப்லி ஊர்ப் புட்டிக்குப் பதிலாக மெர்சோ ஊர்ப் புட்டியைத் திறந்துவிட்டுச் சாப்பாடு அப்படியே அமையும் என்று எதிர்பார்க்க முடியாது. பச்சைச் சிப்பியோடு ஷாப்லி துள்ளும். அதே சிப்பி பீப்பாயில் ஊறிய மெர்சோவைக் கசக்க வைக்கும். பாலாடைச் சாஸில் வெந்த கோழிக்கு மெர்சோ கச்சிதம். எளிய ஷாப்லி அங்கே வெறும் புளிப்பாக ஒதுங்கிவிடும். ‘வெள்ளை ஒயினுக்கு மீன், சிவப்புக்கு இறைச்சி’ என்ற விதியை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். மீனா கோழியா என்பது இரண்டாம் கேள்வி. ஒயின் எப்படிச் செய்யப்பட்டது, தட்டின் மேல் என்ன சாஸ் ஊற்றப்படுகிறது என்பவைதான் முதல் கேள்விகள்.

ஊர்களும் அவற்றின் குணமும்

ஷாப்லி, பர்கண்டியின் ஒயின் தலைநகரான போன் நகரத்துக்கு வடமேற்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், செரன் ஆற்றங்கரையில் இருக்கிறது. குளிர் அதிகம். ஏப்ரல் மாத உறைபனி தளிர்களைக் கருக்கிவிடும் என்பதால் கொடிகளின் மேல் தண்ணீர் தெளித்தும், வரிசைகளுக்கிடையே தீச்சட்டிகள் ஏற்றியும் இரவெல்லாம் காவல் காக்கிறார்கள். பழம் மெதுவாகக் கனிவதால் புளிப்பு குறையாமல் நிற்கிறது. மண், கிம்மெரிட்ஜியன் என்ற தொல்புவியியல் காலத்துச் சுண்ணாம்புக் களிமண். நகக்கண் அளவுச் சிப்பிகளின் புதைபடிவங்கள் அதில் மண்டிக் கிடக்கும். ஷாப்லிக்கும் சிப்பிக்கும் பொருத்தம் வந்தது இந்த மண்ணால்தான் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. வேர் கல்லின் சுவையை உறிஞ்சிப் பழத்துக்குள் கொண்டுபோய் வைப்பதில்லை. கூர்மையான புளிப்பும், அடங்கிய பழ மணமும், நுண்ணிய அளவில் கந்தகச் சேர்மங்களும் ஒன்றுசேரும்போது நாம் ‘கல் வாசனை’, ‘கனிமச் சுவை’ என்கிறோம். சிப்பியோடு அது பொருந்தக் காரணம், சிப்பியின் உப்பு ஒயினின் புளிப்பை மென்மையாக்குவதும், மரவாசனை குறுக்கே வராததும்தான்.

போன் நகரத்துக்குத் தெற்கே உள்ள சரிவுகள்தாம் பர்கண்டி வெள்ளையின் இதயம். மெர்சோவில் கிரான் க்ரூ எனப்படும் உச்சத் தகுதி பெற்ற தோட்டம் ஒன்றுகூட இல்லை; ஆனால் அதற்கு அடுத்த படியான பிரமியே க்ரூவில் பெரியேர், ஜென்வ்ரியேர், ஷார்ம் ஆகிய மூன்றும் உலகப் புகழ் பெற்றவை. இந்த ஊர் ஒயின் வாயில் அகலமாகப் பரவும். வெண்ணெயும் ஹேசல்நட்டும் நினைவுக்கு வரும். பக்கத்து ஊரான புலின்யி-மோன்ராஷே இன்னும் இறுக்கமானது, நிமிர்ந்தது. அதற்கடுத்த ஷஸான்யி-மோன்ராஷேயில் பழச்சதை கூடுதல். பின்னிரண்டு ஊர்களும் தங்கள் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்ட மோன்ராஷே, இரண்டு ஊர்களின் எல்லைக்குள்ளும் விரியும் சுமார் 8 ஹெக்டேர் தோட்டம். அதன் விலை எட்டாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: மலை மடிப்புக்குள் ஒதுங்கியிருக்கும் சேன்-தொபேன். அதன் ‘ஆன் ரெமியி’ என்ற தோட்டம், ஷெவாலியே-மோன்ராஷே என்ற கிரான் க்ரூவை ஒட்டியே இருக்கிறது. காசுக்கு நியாயமான பர்கண்டி வெள்ளை எங்கே கிடைக்கும் என்று கேட்டால் முதலில் இந்த ஊரைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் தெற்கே, மாக்கோன் ஒயின் விளையும் மாக்கோனே பகுதி. வெயில் கூடுதல், பழம் பழுத்தது, விலை இறங்கியது. அங்குள்ள புயி-ஃபுய்ஸேயில் 2020 அறுவடையிலிருந்து 22 தோட்டங்கள் பிரமியே க்ரூ தகுதி பெற்றிருக்கின்றன. போன் சரிவுகளுக்கும் மாக்கோனேவுக்கும் இடையில் இருக்கும் கோத் ஷலோனேஸ் பகுதியில் ரூயி, மோந்தான்யி ஆகிய ஊர்கள் அன்றாடச் சாப்பாட்டுக்கு ஏற்றவை. அதே பகுதியின் பூஸ்ரோன் ஊர், அலிகோத்தே என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சைக்கென்றே தனி முத்திரை வாங்கியது. அலிகோத்தே மெலிந்தது, புளிப்பானது. பிளாக்கரண்ட் பழ லிக்கரோடு கலந்து ‘கீர்’ பானம் செய்யத்தான் அது லாயக்கு என்று ஒதுக்கியவர்கள், நல்ல கொடியில் விளைந்த அலிகோத்தேயைத் தனியாகக் குடித்துப் பார்க்க வேண்டும்.

பீப்பாய், வண்டல், வெண்ணெய்

ஒரே ஊரில் இரண்டு தயாரிப்பாளர்களின் ஒயின் ஏன் வேறுபடுகிறது என்பதற்கு விடை பாதாள அறையில் இருக்கிறது. உணவைத் தேர்வு செய்ய இதுதான் அதிகம் உதவும்.

முதலில் பீப்பாய். பர்கண்டியின் வழக்கமான ஓக் பீப்பாய் 228 லிட்டர் கொள்ளும். புதிய பீப்பாய் வனிலா, கிராம்பு, வறுத்த ரொட்டி மணங்களைத் தரும். மூன்று நான்கு முறை பயன்பட்ட பீப்பாய் மணம் தராது, காற்றை மட்டும் மெல்ல உள்ளே விட்டு ஒயினை மென்மையாக்கும். ஷாப்லியில் பெரும்பாலும் எஃகுத் தொட்டிதான். அங்கேயும் பிரமியே க்ரூ, கிரான் க்ரூ ஒயின்களைப் பழைய பீப்பாயில் வைக்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அதனால் ‘ஷாப்லி என்றால் மரம் படாதது’ என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. புட்டியின் பின்பக்கச் சீட்டைப் படித்தோ கடைக்காரரைக் கேட்டோ தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது மாலோலாக்டிக் மாற்றம். பச்சை ஆப்பிளில் இருக்கும் கூரிய மாலிக் அமிலத்தை, பாலில் காணும் மென்மையான லாக்டிக் அமிலமாக பாக்டீரியா மாற்றுகிறது. அப்போது துணையாக உண்டாகும் டைஅசெட்டைல்தான் வெண்ணெய் மணம். பர்கண்டியில் அநேகமாக எல்லா வெள்ளை ஒயினும், ஷாப்லி உட்பட, இந்த மாற்றத்துக்கு உட்படுகிறது. பிறகு ஏன் எல்லாவற்றிலும் வெண்ணெய் மணக்கவில்லை? நொதித்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலின் மேலேயே ஒயினை விட்டுவைத்தால், ஈஸ்ட் அந்த டைஅசெட்டைலைக் குறைத்துவிடும். வெண்ணெய் மணம் தூக்கலாக இருந்தால் பீப்பாயும் வண்டலும் கையாளப்பட்ட விதத்தை அது காட்டுகிறது.

மூன்றாவது அந்த வண்டல். மாதக்கணக்கில் அதன் மேல் கிடக்கும் ஒயினுக்குப் பிசைந்த மாவு, பிஸ்கட், கொட்டைப் பருப்பு மணமும், நாக்கில் ஒரு கெட்டித்தன்மையும் வரும். கோலால் வண்டலைக் கலக்கிவிடுவதற்கு பாட்டோனாஜ் என்று பெயர். அதிகம் கலக்கினால் ஒயின் கொழுத்துப்போகும், காற்றும் அதிகம் கலக்கும். அதனால் இப்போது பலர் இதைக் குறைத்துவிட்டார்கள்.

கண்ணாடியில் மூக்கை வைத்ததும் தீக்குச்சி உரசிய மணம் வந்தால் பயப்பட வேண்டாம். காற்றுப் படாமல் வளர்த்த இளம் ஒயினில் உருவாகும் கந்தகச் சேர்மம் அது; அளவோடு இருந்தால் பலரும் விரும்புவது, சுழற்றினாலும் ஊற்றுக்குடுவையில் ஊற்றினாலும் தணியும். அழுகிய முட்டை, வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் போகாவிட்டால்தான் அது குறை.

உண்மையான ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதி அறுவடைகளிலிருந்து, பத்துப் பதினைந்து வருடம் தாங்க வேண்டிய பல விலையுயர்ந்த புட்டிகள் ஐந்தாறு வருடத்திலேயே ஆக்சிஜனேற்றத்தால் கெடத் தொடங்கின. ‘பிரிமாக்ஸ்’ என்று ஒயின் வட்டாரத்தில் அழைக்கப்படும் இந்தச் சிக்கலுக்கு ஒற்றைக் காரணம் கிடைக்கவில்லை: சீரற்ற தக்கை, ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்ஃபர் டைஆக்சைடைக் குறைத்தது, அளவுக்கு மீறிய பாட்டோனாஜ், சாற்றை மிகத் தெளிவாகப் பிழியும் புதிய அழுத்திகள் எல்லாம் பங்கு வகித்திருக்கின்றன. அடையாளம் கண்டுகொள்வது எளிது. ஐந்து வருட ஒயின் அடர் பொன்னிறத்திலோ பழுப்பு சாய்ந்தோ இருக்கும். வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள், வால்நட், தேன் மணம் முந்திக்கொண்டு வரும். பழச்சுவை காலியாகி இருக்கும். அதை எந்த உணவாலும் காப்பாற்ற முடியாது. முக்கியமான விருந்துக்கு ஒரே புட்டியை நம்பாமல் மாற்றுப் புட்டி ஒன்றைக் குளிரில் வைத்திருப்பது நல்லது. தக்கையின் அடியிலோ புட்டியின் அடியிலோ கண்ணாடித் தூள் போலப் படிந்திருக்கும் டார்ட்ரேட் படிகங்கள் மட்டும் குறையே அல்ல; குளிரில் அமிலம் உறைந்து பிரிந்தது அவ்வளவுதான்.

சுவைக்கும் முறை

வெள்ளை பர்கண்டிக்கு நடக்கும் மிகப் பெரிய கொடுமை அதிகக் குளிர்ச்சி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் 4–5 டிகிரியில் மணம் முழுவதும் அடங்கி, புளிப்பும் பீப்பாயின் கசப்பும் மட்டும் நாக்கில் தைக்கும். அலிகோத்தே, எளிய ஷாப்லி, மாக்கோன் ஆகியவற்றுக்கு 10–11 டிகிரி. ஊர்ப்பெயர் தாங்கிய மெர்சோ, புலின்யிக்கு 12. பிரமியே க்ரூவுக்கும் கிரான் க்ரூவுக்கும் 12–14. பெட்டியிலிருந்து எடுத்து அறையின் வெப்பத்துக்கேற்ப இருபது முப்பது நிமிடம் மேசையில் வைத்தால் இந்த அளவு வரும். வெப்பமான அறையில் கண்ணாடிக்குள் சூடு விரைவாக ஏறுவதால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். 16 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும்.

குறுகிய சின்னக் கண்ணாடி ஷாப்லிக்குப் போதும். பீப்பாயில் வளர்ந்த ஒயினுக்கு வயிறு அகன்று வாய் குறுகிய பெரிய கண்ணாடி வேண்டும். சுவைத்துப் பார்ப்பதற்கு 60–75 மில்லி ஊற்றினால் ஒரு 750 மில்லி புட்டி பத்துப் பன்னிரண்டு பேருக்கு வரும். சாப்பாட்டோடு என்றால் ஐந்து பேருக்கு.

சுழற்றுவதற்கு முன் ஒரு முறை முகருங்கள். தக்கை கெட்டதால் வரும் ஈர அட்டைப்பெட்டி நாற்றமும் தீக்குச்சி மணமும் இந்த முதல் முகர்வில்தான் தெளிவாகப் பிடிபடும். பிறகு சுழற்றி மறுபடி முகருங்கள். பழம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்: எலுமிச்சை, பச்சை ஆப்பிள் என்றால் குளிர்ந்த இடம் அல்லது குளிர்ந்த வருடம், பீச், அன்னாசி என்றால் வெயில். 2014, 2017 அறுவடைகள் நிமிர்ந்த புளிப்புக்குப் பெயர் பெற்றவை, 2018 கொழுத்தது. ஒரே தோட்டமானாலும் 2018ஐப் பாலாடைச் சாஸுக்கும் 2014ஐச் சுட்ட மீனுக்கும் எடுப்பது புத்திசாலித்தனம்.

வாயில் ஒரு மிடறு எடுத்து ஐந்தாறு வினாடி நாக்கின் எல்லாப் பக்கமும் படரவிடுங்கள். விழுங்கியபின் நாக்கின் ஓரங்களில் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்பதுதான் புளிப்பின் அளவுகோல். ஊற ஊற, கொழுப்பான உணவைத் தாங்கும் சக்தி கூடுகிறது என்று பொருள். அடுத்து, ஈறுகளில் உலர்ந்த பிடிப்பு இருக்கிறதா? இருந்தால் அது புதிய பீப்பாயின் கைவரிசை. அந்தப் புட்டியைப் பச்சைக் கடலுணவின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கடைசியாக, சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். எளிய மாக்கோன் சில வினாடிகளில் மறையும். நல்ல பிரமியே க்ரூ அரை நிமிடமும் நிற்கும். அதற்குச் சுவை நீண்டு நிற்கும், ஆனால் அடக்கமான உணவு வேண்டும்.

இருபது நிமிடம் கழித்து அதே கண்ணாடிக்குத் திரும்புங்கள். இளம் கிரான் க்ரூ திறந்ததும் வாய் திறக்காது. ஊற்றுக்குடுவையில் முப்பது முதல் அறுபது நிமிடம் வைத்தால் தளரும். பத்து வருடம் கடந்த புட்டிக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம். மிச்சமிருக்கும் மணமும் பறந்துவிடும்.

தட்டில் என்ன நடக்கிறது

உப்பு, ஒயினின் புளிப்பையும் கசப்பையும் குறைத்துக் காட்டும். கொழுப்பும் புளிப்பும் ஒன்றையொன்று சமன்செய்யும். உணவில் இனிப்பு ஏறினால் ஒயின் மெலிந்து புளிக்கும். ஒயினைவிட உணவு புளித்தால் ஒயின் தட்டையாகிவிடும். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலையும் பீப்பாயின் கசப்பையும் பெரிதாக்கும், அதனால் காரக் குழம்புக்கு இந்த ஒயினைத் திறப்பது இரண்டுக்கும் நஷ்டம். பர்கண்டிச் சமையலில் வெண்ணெய், பாலாடை, சீஸ், உப்பிட்ட பன்றி இறைச்சி எல்லாம் தாராளமாக இருப்பதால், இந்த விதிகளைப் படிக்காமலேயே அந்த ஊர்க்காரர்கள் சரியாகச் சேர்த்து உண்கிறார்கள்.

சிப்பிக்குத் திரும்புவோம். மரம் படாத ஊர்ப்பெயர் ஷாப்லி, இரண்டு சொட்டு எலுமிச்சை, வேறொன்றும் வேண்டாம். சின்ன வெங்காயம் நறுக்கிப்போட்ட வினிகர்ச் சாஸைச் சிப்பிமேல் ஊற்றினால் ஒயினின் உயிரே போய்விடும். ஷாப்லி கிரான் க்ரூவைப் பச்சைச் சிப்பியோடு வீணாக்க வேண்டாம். வெண்ணெயில் வாட்டிய ஸ்காலப் என்ற சிப்பி வகைக்கோ சுட்ட டர்போட் மீனுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

மீனுக்குப் பிரெஞ்சுச் சமையலில் புகழ்பெற்ற சாஸ் பேர் பிளான். இரண்டு சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி 100 மில்லி வெள்ளை ஒயின், 50 மில்லி வெள்ளை வினிகரோடு இரண்டு மேசைக்கரண்டி மிஞ்சும்வரை வற்றவிட்டு, அடுப்பை மிகச் சிறிதாக்கி, 200 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து அடிக்க வேண்டும். சாஸ் அறுபது டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் எண்ணெயாகப் பிரிந்துவிடும். பிரியத் தொடங்கினால் உடனே இறக்கி, ஒரு துண்டு குளிர்ந்த வெண்ணெயைப் போட்டு அடித்தால் மீளும். நல்ல புலின்யி திறக்கும் நாளில் வினிகரை 15–20 மில்லியாகக் குறைத்து அந்த இடத்தை ஒயினால் நிரப்புங்கள். வழக்கமான அளவு வினிகர் ஒயினை அடித்துப்போடும்.

மெர்சோவுக்கு ப்ரெஸ் பகுதிக் கோழியைப் பாலாடையில் சமைப்பதுதான் உன்னதச் சேர்க்கை. நான்கு கோழிக்காலை 40 கிராம் வெண்ணெயில் லேசாக நிறம் மாறப் புரட்டி, நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, 150 மில்லி வெள்ளை ஒயின் ஊற்றிப் பாதியாக வற்றவிடுங்கள். பிறகு 300 மில்லி புளிப்புப் பாலாடை சேர்த்து, சிறு தீயில் முப்பது முதல் நாற்பது நிமிடம். ஒயினை வற்றவிடாமல் பாலாடையை ஊற்றினால் பச்சைப் புளிப்பு தங்கும். புதுப் பீப்பாய் மணம் தூக்கலான ஒயினைச் சமையலுக்கு எடுத்தால் வற்றும்போது கசப்பு திரளும். சமைக்க மரம் படாத மாக்கோனோ அலிகோத்தேயோ போதும், மெர்சோ கண்ணாடிக்கு. காய்ந்த மோரெல் காளான் கிடைத்தால் ஊறவைத்துச் சேர்க்கலாம். அப்போது எட்டுப் பத்து வருட மெர்சோ எடுத்தால் ஒயினில் முதிர்ந்துவந்த காளான், கொட்டை மணங்கள் சாஸோடு இணையும்.

பூண்டும் பார்ஸ்லியும் கலந்த வெண்ணெயில் சுட்ட நத்தைக்குப் பலர் விலையுயர்ந்த புட்டி எடுக்கிறார்கள். பச்சைப் பூண்டு நுண்மணங்களை மூடிவிடும். அலிகோத்தேயும் ஷாப்லியும் அந்தக் கொழுப்பை வெட்டித் தள்ளும், செலவும் குறைவு. பார்ஸ்லியும் பன்றித்தொடையும் சேர்த்து உறையவைத்த ஜாம்போன் பெர்சியேவுக்கும் இதே பதில்தான்.

குடிக்கத் தொடங்கும்போது கையில் இருக்க வேண்டியது கூஜேர் என்ற சீஸ் உருண்டை. 250 மில்லி தண்ணீரில் 100 கிராம் வெண்ணெயும் உப்பும் கொதித்ததும் 150 கிராம் மைதாவை ஒரே தடவையில் கொட்டிக் கிளறி, பாத்திரத்தை விட்டு ஒட்டாமல் வரும்வரை உலர்த்துங்கள். சற்று ஆறியபின் நான்கு முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, 130 கிராம் துருவிய கோந்தே அல்லது க்ரூயேர் சீஸ் கலந்து, 200 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம் சுடுங்கள். முதல் இருபது நிமிடம் அடுப்பைத் திறந்தால் உருண்டை அமுங்கிவிடும். மாவைச் சரியாக உலர்த்தாவிட்டாலும் அதே கதிதான்.

சீஸ் என்றதும் சிவப்பைத் தேடுவது பழக்கதோஷம். சிவப்பின் துவர்ப்பு பால் கொழுப்போடு மோதுகிற இடத்தில் வெள்ளை இயல்பாகப் போகிறது. மாக்கோனே ஆட்டுச் சீஸுக்கு அதே மண்ணின் சேன்-வெரான் ஒயினும், மென்மையான ஷவூர்ஸுக்கு ஷாப்லியும், பதினெட்டு மாதம் கடந்த கோந்தேக்கு முதிர்ந்த மெர்சோவும் நல்ல ஜோடி. பிராந்தி வகையான மாரில் கழுவி முதிர்த்த எப்வாஸ் பர்கண்டியின் சொந்தச் சீஸ். அதன் நாற்றத்துக்குச் சிவப்பு ஈடுகொடுக்காது, சதைப்பிடிப்பான ஷஸான்யி ஈடுகொடுக்கும். நீலப்பூசணச் சீஸ்கள் மட்டும் வேண்டாம், அவற்றின் உப்பும் காரமும் இனிப்பு ஒயினைக் கேட்பவை. எந்தச் சீஸையும் ஒரு மணி நேரம் முன்னரே வெளியே எடுத்து வையுங்கள்.

பல புட்டிகள் திறக்கும் இரவில் ஷாப்லியில் தொடங்கி, மாக்கோனையோ சேன்-தொபேனையோ நடுவில் வைத்து, மெர்சோவையும் புலின்யியையும் பின்னால் நிறுத்துங்கள். தலைகீழாக்கினால் ஷாப்லி தண்ணீராகத் தோன்றும். மிஞ்சிய புட்டியைத் தக்கையால் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். இளம் மெர்சோ பல சமயம் இரண்டாம் நாளில் முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும்.